பொய்க்கும் முள்ளும் பொறுக்கும் மனமும்

உண்மை உரைக்கும் சான்றோன் ஒருவன் நம் கண்முன் இருந்தும், அவனைப் பொய்யன் என்று நாமே முடிவு கட்டிவிட்டோமாயின், அவன் உரைக்கும் உண்மையால் நமக்கு விளையும் பயன் யாது? இவ்வினா நீதிமன்றத்திற்கு மட்டும் உரியதன்று. பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு காலந்தள்ளும் எளிய குடும்பத்தார்க்கும் உரியது. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாம், காரின் முகப்புப் பலகையில் ஆடும் முட்களைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அவர் இக்கட்டுரையின் இறுதி காறும் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம்.

எம் ஊர் இராஜபாளையம். பஞ்சாலைகளும், அருகே சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் தறிகளும் ஓய்வின்றி ஒலிக்கும் பகுதி அது. எம் சிறிய தந்தையார் அத்துணி நெய்வோரிடம் கணக்கு எழுதுபவர். அவரிடம் மிகப் பழைய கார் ஒன்று உண்டு. அஃது எந்நிறுவனத்தார் செய்தது என்பது ஈண்டு வேண்டா. பிழை எம்முடையதேயன்றி வண்டியைச் செய்தாருடையது அன்று. அம்பாசிடரும், பிரீமியர் பத்மினியும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் நம் சாலைகளில் ஓடிய காலத்து வண்டிகளை இன்றும் பேணுவோர் பலர். அவர்களுள் எம் குடும்பமும் ஒன்று என்று மட்டும் கொள்க.

அவ்வண்டியில் இரண்டு ஆண்டுகளாக இரு முட்கள் பிழைபட்டிருந்தன. எஞ்சினின் வெப்பங்காட்டும் முள் நடுவில் நிற்பதை விடுத்து எப்பொழுதும் மேலேறியே நிற்கும். பெட்ரோல் முள்ளோ, டாங்க் வற்றும் நிலையிலும் கால் பங்கு உளது என்று காட்டும். இதனை அறிந்த யாம் செய்தது யாது? சரி செய்தோமல்லோம், பழகிக்கொண்டோம். பெட்ரோல் முள் காட்டுவதிற் கால் பங்கு கழித்துக்கொள்ளல் வேண்டும் என்றும், வெப்ப முள்ளைப் பொருட்படுத்துதல் வேண்டா என்றும் வீட்டில் ஒரு கணக்கு வகுத்துக்கொண்டோம். ஊன்றுகோலுக்கு ஏற்ப நடையை வளைத்துக்கொண்ட நொண்டியின் நிலையே எம் நிலை.

சென்ற மே மாதத்தில் எம் பாட்டனாருக்கு மதுரையில் கண்புரை நீக்கும் சிகிச்சை நடந்தது. மறுநாள் அவரைக் கட்டிய கண்ணோடு அழைத்துக்கொண்டு திரும்பினோம். திருமங்கலமும் தே. கல்லுப்பட்டியும் கடந்து, கிருஷ்ணன்கோவிலை அணுகும்பொழுது வெப்ப முள் என்றும் இல்லாத அளவிற்கு ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

“சித்தப்பா, முள் சிவப்பிற்குப் போய்விட்டதே” என்றோம்.

“அது எப்பொழுதும் அப்படித்தான், தம்பி” என்று அவர் கண்ணாடியை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு ஓட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் கண்ணிற் படும் வேளையில் அம்முள் தானே இறங்கத் தொடங்கிற்று. “பார்த்தாயா, தானே தெளிந்துவிட்டது” என்றார். யாமும் மகிழ்ந்தோம். ஊரைக் கடந்து இராஜபாளையச் சாலையிற் சில கல் செல்வதற்குள் எஞ்சின் முனகிற்று, தீய்ந்த நாற்றம் எழுந்தது, மூடியின் இடுக்கில் ஆவி சீறிற்று, வண்டி நின்றது. உச்சி வெயிலில் வேப்ப மரத்தடியிற் பாட்டனாரை அமர்த்தி, அவர் கண்மீது புழுதி படாவண்ணம் சித்தி தம் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்ற காட்சி எம் நெஞ்சைவிட்டு இன்றும் அகலவில்லை.

வண்டியை இழுத்துவந்து பட்டறையில் விட்டபின் உண்மை வெளிப்பட்டது. ரேடியேட்டரின் அடிக்குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் வழியிலேயே ஒழுகிவிட்டது. எஞ்சின் தலை வெப்பத்தால் வளைந்து, அதன் கீழிருந்த கேஸ்கெட்டும் எரிந்திருந்தது. அதனைச் செப்பனிட்ட செலவு, எம் விடுதிக் கட்டணத்திற்கென ஒதுக்கி வைத்திருந்த தொகையை முற்றிலும் விழுங்கிற்று.

எனின், முள் இறங்கியது எதனால்? வெப்பத்தை உணரும் சிறு கருவி எஞ்சினுள் தண்ணீரில் முழுகி நிற்பது. தண்ணீர் வற்றிய பின் அது வெற்றிடத்திலும் ஆவியிலும் தொங்கி நிற்குமாதலின், சுற்றிலும் உள்ள இரும்பு கொதித்துக்கொண்டிருப்பினும் குறைந்த வெப்பத்தையே காட்டல் கூடும். ஆகவே, ஏறிய முள் திடுமென இறங்குதல் நலம் அன்று. பெருங்கேட்டின் அறிகுறியாதலும் உண்டு. வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இஃதொன்று.

அன்று கிருஷ்ணன்கோவில் அருகே முள் கூறியது மெய். ஆயினும் இரண்டாண்டு பொய்த்த முள் ஆதலின் அதன் மெய்யும் பொய்யாயிற்று. ‘புலி வருகிறது, புலி வருகிறது’ என்று கூவிய சிறுவன் கதையை யாவரும் அறிவோம். அக்கதையில் சிறுவன் மீதே பழியைச் சுமத்துவது வழக்கம். ஈண்டோ பழி எம்மீதே. ஏனெனின், அம்முள் பொய்த்தமைக்குக் காரணம் அறிந்துகொள்ள அரைமணிப் பொழுதும் போதுமாயிருந்தது. அவ்வரைமணியை இரண்டாண்டும் யாம் செலவிட்டிலோம்.

அக்காரணத்தைக் கண்டவர் எம் ஊர்ப் பட்டறையின் முதிய மெக்கானிக் அண்ணாச்சி. எஞ்சின் வேலை முடிந்தபின் அவர் எம் சிறிய தந்தையாரை நோக்கி வினவியது ஒரே வினா: “வெப்ப முள் மட்டும் தப்பா, வேறு முள்ளும் தப்பா?” பெட்ரோல் முள்ளும் தப்பே என்று கேட்டதும் அவர் வெப்பக் கருவியையும் தொடவில்லை, டாங்கையும் திறக்கவில்லை. “ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னால் ரெண்டுக்கும் பொதுவான இடத்தைப் பாருங்கள்” என்று கூறி, முகப்புப் பலகையின் பின்புறம் கையை விட்டார்.

பழைய கார்கள் பலவற்றில் அவ்விடத்தில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்னும் சிறு பெட்டி உண்டு. பாட்டரியின் மின்னழுத்தம் வண்டி ஓட ஓட ஏறியும் இறங்கியும் மாறுவது. அது மாறும்பொழுதெல்லாம் முட்களும் மாறாதவாறு, ஏறத்தாழ 10 வோல்ட்டு என்னும் ஒரே சராசரி அளவில் மின்சாரத்தை முட்களுக்கு வழங்குவதே அப்பெட்டியின் தொழில். அப்பெட்டி தன் தொழிலைச் செய்ய, அதன் உடல் வண்டியின் இரும்போடு நன்கு இணைந்திருத்தல் வேண்டும். இவ்விணைப்பையே பட்டறையில் ‘எர்த்து’ என்பர். எம் வண்டியில் அதனைப் பிடித்திருந்த திருகாணி துருவேறித் தளர்ந்திருந்தது. எர்த்து இல்லாமையால் பெட்டி மட்டுப்படுத்தாது பாட்டரியின் முழு அழுத்தத்தையும் விடுத்தது; முட்கள் இரண்டும் மிகையாக ஏறின. அண்ணாச்சி உப்புத்தாளால் துருவைத் தேய்த்தார்; திருகாணியை இறுக்கினார்; முட்கள் இரண்டும் தத்தம் இடத்திற்கு வந்தன. ஒரு திருகாணியின் துரு ஓர் எஞ்சினைக் கெடுத்தது.

அண்ணாச்சியின் அவ்வொரு வினாவில் ஆராய்ச்சி நெறி முழுவதும் அடங்கியுள்ளது என்பது எம் கருத்து. அதனை மூன்று விதிகளாகப் பகுத்துக் கூறுவாம்.

முதல் விதி: முள் அச்சம் காட்டுமாயின், அது மெய் என்றே முதற்கண் கொள்ளல் வேண்டும். வெப்பம் ஏறிற்று என்று காட்டினும், எண்ணெய் அழுத்தம் வீழ்ந்தது என்று காட்டினும், வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தபின்னரே ஐயம் எழுப்புதல் தகும். எண்ணெய் அழுத்தம் இன்றி எஞ்சின் ஓடுமாயின் உள்ளுறுப்புக்கள் சிறிது பொழுதிலேயே தேய்ந்து அழியும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறத்தல் ஆகாது. ஆறவிட்டே திறத்தல் வேண்டும்.

இரண்டாம் விதி: பிழை தனித்ததா, கூட்டத்ததா என்று காண்டல். மின்சாரத்தால் இயங்கும் முட்கள் பலவும் ஒருங்கே பிழைப்பின், பியூஸ், ஸ்டெபிலைசர், எர்த்து ஆகிய பொது இடங்களைப் பார்க்க வேண்டும். விளக்கைப் போட்டவுடன் முட்கள் எல்லாம் நகருமாயின் எர்த்து தளர்ந்தது என்று ஐயுறலாம். ஒரு முள் மட்டும் பிழைப்பின் அதற்கே உரிய வயரையும், அதன் மறுமுனையில் உள்ள கருவியையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் விதி: எளியதினின்று அரியதற்குச் செல்லுதல். துடைப்பதும் இறுக்குவதும் முதலில். கழற்றுவது அதன் பின். விலை கொடுத்து வாங்குவது எல்லாவற்றிற்கும் இறுதியில்.

இனி, இவ்விதிகள் ஒவ்வொரு முள்ளிற்கும் பொருந்துமாற்றைச் சுருங்கக் காண்பாம்.

பெட்ரோல் முள்ளின் மறுமுனை டாங்கினுள் உள்ளது. ஆங்கே ஒரு மிதவை எண்ணெயோடு ஏறி இறங்கும். அதன் கை ஒரு மின்தடைக் கம்பியின்மேல் தேய்ந்து நகரும். தடை மாறுவதற்கேற்ப முள் மாறும். டாங்கிலுள்ள வயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்கும், அவ்வயரை வண்டியின் இரும்பில் தொடுத்தால் மற்றொரு கோடிக்கும் செல்லல் வேண்டும். எந்நிலையில் எக்கோடிக்குச் செல்லும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். இரு கோடிக்கும் முள் சென்றதாயின் முள்ளும் வயரும் நல்லன. பழுது மிதவையிலோ டாங்கின் எர்த்திலோ உளது. செல்லாதாயின் வயரையும் முள்ளையும் ஆராய்க. சாவியை அணைத்த நிலையிலேயே வயரைக் கழற்றவும் தொடுக்கவும் வேண்டும். அதன்பின் சாவியைத் திருப்பிச் சில கணமே நோக்கி உடனே அணைத்தல் வேண்டும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் ஒரு பொறி எழினும் உயிர்க்கே கேடாம். பட்டறைக்காரர் துணையின்றி மாணவர் இதனை முயலுதல் வேண்டா.

வெப்ப முள் இரு வகைத்து. மின்சாரத்தால் இயங்குவதாயின் மேற்கூறிய முறையே அமையும். ஐயம் எஞ்சின், கருவியைக் கழற்றி வெந்நீரிலிட்டு, அருகில் ஒரு வெப்பமானியும் வைத்து, நீர் சூடேறுந்தோறும் அதன் தடை குறைகின்றதா என்று அளந்து அறியலாம். மற்றொரு வகையில், எஞ்சினிலிருந்து முள் வரை மெல்லிய செப்புக் குழல் ஒன்று செல்லும். அதனுள் அடைத்த பொருளின் அழுத்தமே முள்ளை அசைக்கும். அக்குழல் மடிந்தாலோ அறுந்தாலோ அக்கருவியே செயலற்றுவிடும். ஆதலின் பிற வேலை செய்வோர் அதனை வளைக்காமல் காத்தல் வேண்டும். இவ்வகை முள்ளிலும், குழல்வழி எண்ணெய் வந்து இயக்கும் அழுத்த முள்ளிலும் உள்ள வளைந்த குழாய், 1849-ம் ஆண்டில் பாரிசு நகரத்து யூஜீன் பூர்தோன் உரிமம் பெற்ற புனைவாகும். ஊதினால் நிமிரும் காகிதச் சுருள் ஊதலைத் திருவிழாவிற் கண்டோர் அதன் இயல்பை எளிதில் உணர்வர். அழுத்த முள்ளை ஐயுற்றால், நல்லதென்று அறிந்த வேறொரு மீட்டரைச் சிறிது பொழுது பொருத்தி ஒத்துப் பார்ப்பதே தக்க வழி.

அம்மீட்டர் என்பது பாட்டரிக்குள் மின்சாரம் செல்கின்றதா, பாட்டரியினின்று வெளியேறுகின்றதா என்று காட்டுவது. எஞ்சின் நன்கு சுழன்றும் முள் எப்பொழுதும் கழிவுப் பக்கமே சாயுமாயின், மீட்டரைப் பழிக்குமுன் டைனமோவையும் அதன் பெல்ட்டையும் பார்க்க. வண்டியின் மின்சாரத்திற் பெரும்பகுதி இம்மீட்டர் வழியே செல்லுமாதலின், பின்புறத்து நட்டு தளர்ந்தால் அவ்விடம் சூடேறித் தீப்பற்றவும் கூடும். அதனைத் தொடுமுன் பாட்டரியின் எர்த்து வயரைக் கழற்றிவிடல் வேண்டும்.

வேகங்காட்டும் முள்ளின் வழி வேறு. சக்கரத்தை ஓட்டும் உறுப்பினின்று ஒரு கேபிள் சுழன்று வந்து மீட்டருள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அக்காந்தம் தன்னைத் தொடாது சூழ்ந்த உலோகக் கிண்ணத்தை இழுக்க, அதனோடு முள் திரும்பும். இம்முறைக்கு 1902-ம் ஆண்டில் ஜெர்மானியர் ஓட்டோ சூல்ட்சே உரிமம் பெற்றார். முள் நடுங்கினால் கேபிள் மசகின்றி உலர்ந்தது அல்லது மடிந்தது என்க. முள்ளும் தூரம் எண்ணும் எண்களும் ஒருங்கே நின்றால் கேபிள் அறுந்திருத்தல் கூடும். முள் ஓட, எண்கள் மட்டும் நின்றால் மீட்டரின் உட்பற்களில் பழுது உளது. ஈண்டும் தனித்ததா கூட்டத்ததா என்னும் விதியே வழிகாட்டுதல் காண்க.

நிற்க. இக்கருத்தை மறுப்போர் இருசாரார் உளர். ஒருசாரார், “எங்கள் காதும் மூக்கும் போதும்; முள் எதற்கு?” என்பர். பல்லாண்டு வண்டி ஓட்டியோரின் செவிக்கூர்மையை யாம் இகழ்ந்தோமல்லோம். ஆயின், தீய்ந்த நாற்றம் மூக்கை எட்டும்பொழுது கேடு முடிந்துவிடுகின்றது. முள்ளோ கேடு தொடங்கும்பொழுதே கூறுகின்றது. எம் சிறிய தந்தையார்க்கும் காதும் மூக்கும் நல்லனவே.

மற்றொருசாரார், “பழையதை எறிந்துவிட்டுப் புதிய மீட்டர் வாங்குக” என்பர். நம் கோயம்புத்தூரிலேயே வண்டி மீட்டர்கள் செய்யும் தொழிற்சாலை இருக்கின்றதாதலின், புதியது கிடைத்தல் அரிதன்று. ஆயினும் துருவேறிய எர்த்தில் புதிய மீட்டரைப் பூட்டினால் அதுவும் பழைய பொய்யையே கூறும். அன்றியும், புதிய மீட்டரின் அளவும் பழைய மிதவையின் தடையும் ஒவ்வாதாயின் புதிய பொய் ஒன்று பிறக்கும். காரணம் அறியாது செய்யும் மாற்றம் பணத்தை மட்டும் மாற்றுவதாம்.

தமிழ் மாணவர்க்கு இதில் என் என்று வினவுவார்க்கு ஒன்று கூறுவாம். 1887-ம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர், ஓலைச்சுவடிகள் பலவற்றை ஒத்து நோக்கியே பாடங்களைத் துணிந்தார். பொருள் விளங்காத சொல் ஒன்றைக் கண்டவுடன் அதனை நீக்கிவிட்டு விளங்கும் சொல்லை இடுதல் எளிது. ஆயின் அது பதிப்பாகாது. ஏடு சிதைந்ததா, எழுதினோன் பிழைத்தானா, அன்றிப் படிப்போனாகிய நமக்குத்தான் அறிவு போதவில்லையா என்று முறையே ஆராய்தல் வேண்டும். பல சுவடிகளிலும் ஒரே பிழை காணப்படின் அவற்றிற்குப் பொதுவான மூல ஏட்டை ஐயுறுதல் வேண்டும். எம் ஊர் அண்ணாச்சி சிந்தாமணி கற்றவர் அல்லர். ஆயினும் பலகையின் பின்புறம் கையை விடுமுன் அவர் வினவிய வினா, வகுப்பறையில் யாம் கேட்டும் மனத்திற் கொள்ளாத பாடமாக இருந்தது. மேசைமீது பிழைபட்ட சொல்லை ஆராயும் யாம், வீட்டு வண்டியில் பிழைபட்ட முள்ளை இரண்டாண்டு பொறுத்திருந்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

பொறுமை நற்குணமே. எனினும் பொய்க்கும் முள்ளைப் பொறுத்தல் பொறுமை அன்று, மடியே. ஒன்று, அதனைச் செப்பனிடுக. இயலாதாயின், ‘இது பழுது’ என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டி, செப்பனிடுங்காறும் புறப்படும்தோறும் தண்ணீரையும் எண்ணெயையும் கையால் அளந்து பார்க்க. பழுதென்று அறிந்த முள்ளால் கேடு குறைவு. பாதி நம்பியும் பாதி நம்பாதும் விட்ட முள்ளே வழியிற் கொல்லும்.

பாட்டனாரின் கண் இறையருளால் நலமுற்றது. எம் வண்டியும் மீண்டும் ஓடுகின்றது. தசரா விடுமுறையில் அதே சாலையிற் சென்றபொழுது ஏற்றத்தில் முள் சிறிது நகர்ந்தது. சிறிய தந்தையார் ஒன்றும் கூறாது வண்டியை ஓரத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து, குழாய்களைத் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. பின்னிருந்த பாட்டனார் மட்டும், “ரெண்டு வருசத்துக்கு முன்னாலேயே இப்படி நிறுத்தியிருக்கலாமே, அப்பா” என்றார். விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர்கள் தத்தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய வண்டியை ஒருமுறை இயக்கி, அதன் முட்கள் யாது கூறுகின்றன என்று நோக்குவார்களாயின் எம் விடுதிக் கட்டணம் வீண்போயிற்று என்று யாம் வருந்தமாட்டோம்.